அக்கா என்ன சாப்பிட்டாள்

போன வாரம் நம் பழைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு கேள்வி போட்டிருந்தாள். அவள் மகளுக்கு சீலியாக் நோய். கோதுமை துளியும் ஆகாது. வீட்டில் பத்தியத்தை ஒழுங்காகத்தான் பார்க்கிறார்கள், இருந்தும் பிள்ளைக்கு வயிற்றுவலி நிற்கவில்லை. வெளியே எதையோ திருட்டுத்தனமாகத் தின்கிறாள் போலிருக்கிறது, சமையலறையில் கேமரா வைக்கலாமா என்று கேட்டிருந்தாள். ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கினீர்கள். ஒருவர் எந்தக் கேமரா நல்லது என்று படமே அனுப்பினார். நான் ஒன்றும் போடவில்லை. அலுவலகம் முடிந்து, சுபாங் ஜெயாவில் கார் நிறுத்துமிடத்தில், போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நமக்கெல்லாம் நாற்பது தாண்டிவிட்டது. எழுத்தைப் படிக்க போனைத் தள்ளிப் பிடிக்கிற வயது. கிள்ளானில் ஒரே தமிழ்ப்பள்ளியில், ஒரே வகுப்பில் இருந்தோம். நமக்குப் பத்து வயதான ஆண்டின் கடைசியில் நான் பல நாள் பள்ளிக்கு வராதது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். எனக்கு அம்மை போட்டிருக்கிறது என்று அப்பா கடிதம் கொடுத்தார். அம்மை இல்லை. எங்கள் வீட்டில் அப்போது நான்தான் கேமரா.

அக்காவுக்குப் பதினைந்து வயது, எனக்குப் பத்து. அவளுடைய பழைய சட்டைகள் எனக்கு வந்து சேரவேண்டிய காலத்தில், இரண்டு பேருக்கும் ஒரே அளவு சரியாக இருந்தது. கை கால் குச்சி, வயிறு மட்டும் உப்பல். பக்கத்து வீட்டு ஆன்டி பூச்சி மருந்து கொடுக்கச் சொன்னார். அப்பா, புள்ள வயசுக்கு வந்தா எல்லாம் சரியாப் போய்டும் என்றார். கடைசியில் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த அத்தைதான், அப்பாவின் தங்கை, ஒரு நாள் லீவு போட்டு அவளைக் கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடலின் உள்பக்கம் துவாலை மாதிரி இருக்கவேண்டுமாம். இவளுக்குத் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டதாம். கோதுமையை அறவே நிறுத்தினால் மறுபடி வளரும் என்றார்கள். ஆயுசுக்கும் நிறுத்தவேண்டும்.

அம்மா ஒரு குறையும் வைக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். உணவு ஆலோசகர் கொடுத்த ஒற்றைத் தாளை அத்தையிடம் படிக்கச் சொல்லிக் கேட்டு, அன்றைக்கே ரொட்டி, பிஸ்கட், மீ நூடுல்ஸ், கோதுமை மாவு, ரவை எல்லாவற்றையும் பையில் கட்டிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். தாளில் சோயா சாஸ் என்று இருந்தது, அந்தப் போத்தலும் போனது. சப்பாத்திக் கல்லைக்கூடத் தூக்கிப் போட்டார். அந்தக் கல்லில் அப்பா எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் முட்டை ரொட்டி போட்டுத் தருவார். அது குப்பை லோரியில் விழுந்தபோது வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டு மாதம் ஆனது. அக்கா தேறவில்லை. ஒரு வாரம் நன்றாக இருப்பாள், அப்புறம் மூன்று நாள் கழிவறைக் கதவுக்குப் பின்னால் முனகிக்கொண்டு கிடப்பாள். ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்துவிட்டு டாக்டர் அம்மாவிடம், "பத்தியம் ஒழுங்கா இல்லம்மா. எங்கயோ சாப்புடுறாங்க" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். பேருந்தில் கிள்ளான் திரும்பும்வரை அம்மா அக்காவைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, உள்ளங்கையில் அடங்குகிற சின்ன நோட்டு ஒன்றைக் கொடுத்தார்.

"பாப்பா, இனிமே அக்கா என்னா சாப்புட்டாலும் இதுல எழுது. வீட்லயும், வெளியிலயும். அவளுக்குத் தெரிய வேணாம்."

எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை உங்களிடம் மறைக்கமாட்டேன். வீட்டில் எல்லாரும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. எனக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது. தேதி போட்டு எழுதினேன். காலை, இட்லி. மதியம், சோறு, கீரை. மாலை, ரசம் சோறு. வலி வந்த நாளில் ஓரத்தில் வலி என்று போட்டேன். அக்காவுக்கு மேலுக்கு முடியாத நாளெல்லாம் ரசம் சோறுதான். புளி கரைத்து, மிளகு தட்டி, வயிற்றுக்கு நல்லது என்று பெருங்காயத்தை மட்டும் கொஞ்சம் தாராளமாகப் போடுவார் அம்மா. தாளிக்கிற வாசம் வாசல்வரை வரும். சோற்றைக் குழையப் பிசைந்து அவரே ஊட்டிவிடுவார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள்.

அக்கா வெளியே எதையும் தின்று நான் பார்த்ததில்லை. பள்ளிவிட்டு இரண்டு பேரும் ஒரே பேருந்தில் வந்து இறங்குவோம். எங்கள் லோரோங் சந்து முனையில் அந்த நேரத்துக்கு ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் வருவார். பின்னால் பெட்டி, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பைகள், ரப்பர்க் குமிழைப் பிதுக்கினால் பாம் பாம் என்று ஹாரன். தேங்காய் பன், கயா பன், பட்டர் கேக். நான் வாங்கித் தின்பேன். அக்கா இரண்டடி தள்ளி நின்று என் புத்தகப் பையைப் பிடித்துக்கொள்வாள். ஒரு தடவை மட்டும், "கவர மட்டும் குடு" என்று வாங்கி, பன் சுற்றியிருந்த காகிதத்தை மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அதை நான் நோட்டில் எழுதவில்லை.

பிறகு அந்த மழை நாள். அக்கா ரத்தம் கலந்து வாந்தி எடுத்தாள். அம்மா பயந்துபோனார். அந்தப் பயம் கோபமாகத்தான் வெளியே வந்தது. நோட்டைப் புரட்டினார். ஒன்றும் இல்லை.

"எல்லாத்தயும் எழுதினியா?"

"எழுதினேம்மா."

"அப்புறம் எப்படி வருது? நீயும் அவகூட சேந்து மறைக்கிறியா?"

"இல்லம்மா."

ரோத்தான் பிரம்பு அலமாரிக்கு மேலே இருக்கும். அம்மா அதை எடுக்கவில்லை. அண்ணாந்து பார்த்தார், அவ்வளவுதான்.

"பன்" என்றேன். "ரொட்டிக்காரர்கிட்ட. தேங்காய் பன்."

"எத்தன?"

"ஒண்ணு."

"எழுது" என்றார் அம்மா. எழுதினேன். அம்மாவின் முகத்தில் வந்தது கோபம் இல்லை, ஆறுதல். காரணம் கிடைத்துவிட்டது. மகள் தின்கிறாள், அதனால்தான் நோவு. நிறுத்தினால் தீர்ந்துவிடும்.

மறுநாள் அப்பா வேலைக்குப் போகாமல் அக்காவைக் கையைப் பிடித்து லோரோங் முனைக்கு இழுத்துப்போனார். நானும் பின்னால் போனேன். அக்கம்பக்கத்தில் எல்லாரும் ரொட்டி வாங்குகிற நேரம்.

"இந்தப் புள்ளைக்கு எதையும் விக்காதீங்கன்னு சொல்ல வந்தேன்" என்றார் அப்பா.

ரொட்டிக்காரர் அக்காவைப் பார்த்தார். "இல்ல பாஸ், இது எங்கிட்ட வாங்குனதே இல்ல. சின்னதுதான் வாங்கும்."

"எம் சின்னப் பொண்ணு பொய் சொல்லுதுங்கிறீங்களா?"

"நான் எப்படிச் சொல்றது பாஸ். பாக்குறதச் சொல்றேன்."

அப்பா காதில் அது ஏறவில்லை. லோரோங்கே கேட்கும்படி அக்காவைக் கள்ளி என்றார். அக்கா அழவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் உண்மையைக் கொட்டியிருப்பேன். அவள் கேட்கவில்லை. தரையில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்கு அடுத்த நாள், ஹாரன் சத்தம் கேட்டதும் அக்கா வீட்டுக்குள்ளிருந்து வெறுங்காலோடு நடந்து போனாள். ரொட்டிக்காரர் வேண்டாம்மா வேண்டாம்மா என்று சொல்லச்சொல்லப் பெட்டியைத் திறந்து அவளே எடுத்தாள். நடுவீதியில் நின்று தின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று. மெல்லவே இல்லை, உள்ளே தள்ளினாள். கன்னமெல்லாம் தேங்காய்ப்பூ. நான் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் நிறையப் பன்னோடு என்னிடம் வந்தாள்.

"இப்ப எழுது" என்றாள்.

அன்றைக்கே ஆஸ்பத்திரி. உடம்பில் தண்ணீரே இல்லை, உப்பெல்லாம் இறங்கிவிட்டது என்றார்கள். ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. அவள் பிழைப்பாளா என்று இரண்டு நாள்வரை டாக்டர் உறுதி சொல்லவில்லை. அம்மாவும் நானும் பிரிக்ஃபீல்ட்ஸில் அத்தை வீட்டில் தங்கினோம். நான் பள்ளிக்கு வராத நாட்கள் அவைதான். நான்காம் மாடி. கீழே பூக்கட்டுகிறவர்களின் குரல், ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். அம்மா கட்டிலில் படுக்காமல் சுவரோரம் உட்கார்ந்தே இருந்தார். நான் சாமி படத்துக்கு முன்னால் நின்று, அக்கா பிழைத்தால் சொல்லிவிடுகிறேன் என்று வேண்டிக்கொள்வேன். அப்புறம் சொல்லவேண்டுமே என்று பயந்துகொள்வேன்.

அக்கா கண்விழித்த பிறகு உணவு ஆலோசகர் வந்தார். இளவயதுச் சீனப் பெண். திட்டப்போகிறார் என்று நினைத்தோம். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வீட்டில் என்ன சமைக்கிறீர்கள், முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். அம்மா பெருமூச்சோடு என் நோட்டை நீட்டினார். அத்தை ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொல்லச்சொல்ல, அவர் பென்சிலால் தன் தாளில் குறித்துக்கொண்டே வந்தார். பாதியில் நிறுத்தினார்.

"ரசம், ரசம்னு வருதே. அதுக்கு மறுநாளெல்லாம் வலி. அதுல என்னென்ன போடுறாங்கன்னு கேக்குறாங்க" என்றார் அத்தை.

அம்மா விரல் மடக்கிச் சொன்னார். புளி, தக்காளி, மிளகு, சீரகம், பூண்டு, பெருங்காயம். பெருங்காயத்துக்கு அத்தைக்கு ஆங்கிலத்தில் வார்த்தை தெரியவில்லை. உணவு ஆலோசகர் அதைக் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் அப்பா கிள்ளானிலிருந்து அந்தச் சின்ன டப்பாவைக் கொண்டுவந்தார். அந்தப் பெண் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு அத்தையிடம் நீட்டினார்.

"அண்ணி" என்றார் அத்தை. "இதுல கோதுமை மாவு கலந்திருக்கு."

"அது மாவு இல்ல. பெருங்காயம்" என்றார் அம்மா.

"பெருங்காயம் கொஞ்சந்தான் அண்ணி. மிச்சம் மாவு. இதோ போட்டிருக்கு."

"பெருங்காயம்" என்றார் அம்மா மறுபடி. "வயித்துக்கு நல்லதுன்னு..."

எங்கள் தாளில் இது இல்லை, எங்கள் தவறு என்று அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மலாய் மொழியில் மன்னிப்புக் கேட்டார். எங்கள் கதையில் அக்காவிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்ட ஒரே பெரியவர் அவர்தான். பிறகு பென்சில் முனையை ஒரு வரியில் வைத்து, இந்தப் பன் மட்டும் எனக்குப் புரியவில்லை, மற்ற நாளெல்லாம் இவ்வளவு ஒழுங்காக இருக்கிறாளே என்றார். அத்தை என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது பொய்" என்றேன். "அக்கா சாப்புடல. நானாச் சொன்னது."

அம்மா கையை ஓங்கினார். அது பாதியிலேயே நின்று, அவர் நெற்றியில் அவருக்கே விழுந்தது. ஒரு தடவை இல்லை. நர்ஸ் வந்துதான் பிடித்தார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்துக்கொண்டு. "நான் திங்கலன்னு எல்லார்ட்டயும் சொன்னேன். ஒருத்தரும் நம்பல."

அப்பா, "சரி விடு, இப்ப தெரிஞ்சிருச்சுல்ல. இனிமே எல்லாம் நல்லாயிடும்" என்றார். அதை உண்மையாகவே நம்பினார், பாவம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மோசமானது. அம்மா பெருங்காயத்தோடு எல்லா மசாலாவையும் வீசிவிட்டுப் புதிதாக வாங்கினார், பாத்திரங்களைக் கொதிக்க வைத்தார். அக்கா தொடவில்லை. ஒரு சின்னச் சட்டியை அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டு, தானே அரிசியை ஏழெட்டுத் தடவை கழுவி, தானே வடித்து, உப்புப் போட்டுத் தின்றாள். கரண்டியைக் கழுவுவாள், துடைப்பாள், மறுபடி கழுவுவாள். பிறகு அதையும் குறைத்தாள். அம்மா தட்டோடு கதவுக்கு வெளியே நின்று, "ஒரு வாய் கண்ணு, ஒரே வாய், அம்மா எல்லாத்தயும் பாத்துப் போட்டிருக்கேன்" என்று கெஞ்சுவார். மன்னிச்சிரு என்று மட்டும் சொல்லமாட்டார். சமைத்தால் போதும், அதிலேயே அது இருக்கிறது என்று நினைத்தார். கதவு திறக்காது. தட்டு ஆறிப்போகும். அம்மா அதை அங்கேயே உட்கார்ந்து தான் தின்பார், அழுதுகொண்டே.

குடல் ஆறிவிடும், ஆனால் பிள்ளையின் மனசுக்கு வேறு டாக்டரைப் பார்க்கவேண்டும் என்று உணவு ஆலோசகர் ஒரு கடிதம் கொடுத்திருந்தார். அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்தபடியே துவைக்கப் போட்டுவிட்டார். தெரியாமல்தான் போட்டார் என்று இன்றுவரை சொல்கிறார். "எம் மவளுக்கு என்ன பைத்தியமா? நாளைக்கு யார் கட்டுவா?" என்று அம்மாவிடம் சொன்னதையும் நான் கேட்டேன்.

ஒரு மத்தியானம், பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா வந்து படியில் உட்கார்ந்தாள். என்னோடு அவள் பேசி ஒரு மாதம் ஆகியிருந்தது.

"ஒண்ணு சொன்னா எழுதமாட்டியே?"

"நோட்ட எரிச்சிட்டேங்கா."

அவள் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு இருக்கவே பிடிக்கல பாப்பா. காலையில எந்திரிச்சா ஏன்டா எந்திரிச்சோம்னு இருக்கு. செத்துப் போய்டலாம்னு இருக்கு. சும்மா சொல்லல."

நான் கையில் இருந்த ஈரத்துணியை விடாமல் நின்றேன்.

"யார்ட்டயும் சொல்லாத. சொன்ன, நீ எனக்குத் தங்கச்சியே இல்ல. நீ ஒரு தடவ சொன்னதுக்கே இவ்வளவு."

இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் நான் என்ன சாப்பிட்டேன், தூங்கினேனா என்று எனக்குத் தெரியாது. அவள் எழுந்தால் எழுந்தேன், அவள் கதவை மூடினால் கதவுக்கு வெளியே உட்கார்ந்தேன். என் வாயால் வந்த ஒரு சொல் அவளைக் கிட்டத்தட்டக் கொன்றிருந்தது. இனிமேல் எதையும் யாரிடமும் சொல்வதில்லை என்று நான் முடிவே செய்திருந்தேன். இப்போது சொல்லாமல் இருந்தால்? பத்து வயது எனக்கு. கேட்பதற்கு ஆள் இல்லை.

மூன்றாம் நாள் அம்மா குளிக்கப் போனதும் அத்தையின் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "அத்தை, இது பொய் இல்ல" என்று தொடங்கினேன்.

அத்தை அலுவலக உடையோடு டாக்சியில் வந்து இறங்கினார். அக்காவோடு அறையில் அரை மணி நேரம் இருந்தார். வெளியே வந்து அப்பாவிடம், "அண்ணே, காரை எடு" என்றார்.

"எங்க? பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா? ஊரு என்னா சொல்லும்?"

"ஊரு சாவு வீட்டுக்கு வந்து காபி குடிச்சிட்டுப் போவும் அண்ணே. காரை எடு லா."

அப்பா சாவியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

காரில் ஏறுமுன் அக்கா என் முன்னால் நின்றாள். "நீதானே?"

"ஆமாக்கா."

காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உங்களுக்கு முடிவைச் சொல்லிவிடுகிறேன். அக்கா இருக்கிறாள். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குணமாகிவிட்டாள் என்று சொல்லமாட்டேன். மாத்திரை நிறுத்திய வருடங்கள் உண்டு, மறுபடி தொடங்கிய வருடங்கள் உண்டு. கல்யாண வீடுகளுக்கு வந்தால் தன் டப்பாவைத் திறந்து தின்பாள், யாராவது ஒரு வாய் என்று நீட்டினால் எழுந்து போய்விடுவாள். இதை எழுதட்டுமா என்று போன வாரம் கேட்டேன். "எழுது. அந்தப் புள்ளைக்கு உதவுமில்ல" என்றாள்.

கேள்வி போட்ட தோழியே, டப்பா டப்பாவாக எடுத்துப் படி. சோற்றில் போடுகிற தூளைப் படி. அப்புறமும் அவள் வெளியே தின்றிருந்தால், ஏன் என்று அவளிடம் கேள். மற்றவர்களோடு ஒரு நாளாவது உட்கார்ந்து தின்ன ஆசைப்பட்டிருப்பாள். அல்லது எப்படியானாலும் திட்டத்தானே போகிறார்கள் என்று வெறுத்திருப்பாள். கேமராவில் அது தெரியாது. மனசுக்கு வைத்தியம் வேண்டுமென்று யாராவது சொன்னால் அன்றைக்கே போ.

இன்னும் ஒன்று மட்டும். அத்தை கூட்டிப்போன அந்தத் தடவை, ஆஸ்பத்திரியில் மூன்றாவது வாரம். மனநல வார்டில் பார்வையாளர் நேரம். அதுவரை நாங்கள் போகும்போதெல்லாம் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். என்னைப் பார்க்கவே மாட்டாள். அன்றைக்கு உட்கார்ந்திருந்தாள்.

"பசிக்குது" என்றாள்.

அம்மா விருட்டென்று எழுந்தார். வழக்கம்போல் ஓடப்போகிறார் என்று நினைத்தேன். ஓடவில்லை. அப்படியே நின்று, என் நினைவில் முதல் தடவையாக அக்காவிடம் கேட்டார், "என்னா வேணும்?"

அக்கா யோசித்தாள். "யாரும் தொடாதது."

அப்பா கீழே போய் கேன்டீனில் அலைந்து, ஓடு உடையாத இரண்டு அவித்த முட்டைகளைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். அக்கா ஒன்றைக் கையில் எடுத்தாள். விரல்களுக்குத் தெம்பு இல்லை. கட்டில் கம்பியில் தட்டினாள், ஓடு விரிசல் விட்டது, ஆனால் தோல் உரியவில்லை. சின்னச் சின்னத் துணுக்குகளாக வந்தது. மறுபடி நகத்தால் கீறினாள். மறுபடி வழுக்கியது.

அம்மாவின் இரண்டு கைகளும் தாமாகவே முன்னால் நீண்டன. பிறகு அவர் அவற்றை இழுத்து, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டார். அக்கா அந்த முட்டையை உரித்து முடிக்கும்வரை அப்படியே நின்றார்.